சிறைவாயிலும் சிகிச்சைவாயிலும்



மது முதலிய மயக்கப் பொருள்களை விலக்குதல் பஞ்சசீலத்துள் ஐந்தாவது சீலம். உபோசத தினந்தோறும் அதனை நாம் ஓதி வருகிறோம். ஓதுகின்ற நமக்கு இச்சீலம் எளிதாகத் தோன்றலாம். ஆனால் மயக்கத்திற்கு அடிமைப்பட்டு, அதன் காரணமாகக் குற்றத்திலும் வீழ்ந்து, இன்று சிறையில் அடைபட்டிருக்கும் ஒரு மனிதனுக்கு இச்சீலம் கைகூடுவது எவ்வாறு? அவனுக்கு உபதேசம் மாத்திரம் போதுமா? தண்டனை மாத்திரம் போதுமா? மருந்து மாத்திரம் போதுமா? இவ்வினாக்களை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முடிவை முன்னதாகவே கூறிவிடுகிறேன். இத்தகைய மனிதன் காவல் நிலையம், நீதிமன்றம், சிறைச்சாலை, மருத்துவமனை, குடும்பம் என்னும் ஐந்து இடங்களில் மாறி மாறி நிற்கிறான். அவன் பெரும்பாலும் அழிவது இவற்றுள் ஏதேனும் ஓரிடத்தின் உள்ளே அன்று. ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்திற்குச் செல்லும் இடைவெளியிலேயே அழிகிறான். ஆகவே, இவ்வைந்து இடங்களையும் ஒன்றோடொன்று இணைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியேயாகும்.

1. நோயும் குற்றமும்

களவு செய்தவனைத் தண்டிப்பது அரசின் கடமை. நோயுற்றவனுக்கு மருந்தளிப்பது மருத்துவரின் கடமை. ஒருவனே குற்றவாளியாகவும் நோயாளியாகவும் இருக்கும்போது, இவற்றுள் ஒரு கடமை மற்றொன்றை நீக்கிவிடாது. 'இவன் குற்றவாளி, இவனுக்கு எதற்கு மருந்து?' என்பதும் பிழை. 'இவன் நோயாளி, இவனை யாரும் கேட்கலாகாது' என்பதும் பிழை.

குடி வெறும் மனவுறுதிக் குறைவு என்று பலர் எண்ணுகின்றனர். நெடுங்காலம் மயக்கப் பொருளை உட்கொண்டவனுடைய மூளையும் நரம்புகளும் அப்பொருளுக்குப் பழகிவிடுகின்றன. அது கிடையாதபோது உடலே கலகம் செய்கிறது. கைகால் நடுங்குகின்றன, உறக்கம் கெடுகிறது, வாந்தியும் வியர்வையும் உண்டாகின்றன. இதனை மருத்துவ சாஸ்திரம் நோய் என்றே வகுத்துள்ளது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், மது மற்றும் போதைப்பொருள்களால் விளையும் மனக்கோளாறுகளை மனநோய் என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது.

இந்நோயின் அளவு சிறிதன்று. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் பொருட்டுப் புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நாடெங்கும் ஆய்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அவர்களுள் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் 5 கோடியே 70 இலட்சம். அபின், ஹெராயின் வகைப் பொருள்களால் உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 77 இலட்சம். மதுவுக்கு அடிமையானோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகவும் அவ்வறிக்கை கூறுகிறது. எஞ்சிய 37 பேருள் சிலரேனும் ஒருநாள் காவல் நிலையத்தின் படியேறுவர் என்பதை அனுபவமுள்ளோர் அறிவர்.

2. சட்டம் திறந்து வைத்துள்ள கதவுகள்

சட்டம் தண்டிக்க மாத்திரமே உள்ளது என்று நம்மவர் எண்ணுவதனால், அதிலுள்ள கருணைப் பகுதி பயனின்றிக் கிடக்கிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தில் மூன்று பிரிவுகளை நாம் அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, 39ஆம் பிரிவு. போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ, சிறு அளவு பற்றிய குற்றத்திற்காகவோ குற்றவாளி எனத் தீர்க்கப்பட்ட ஓர் அடிமையை, உடனே சிறைக்கு அனுப்பாமல், அவனுடைய சம்மதத்தின்மேல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெறுமாறு நீதிமன்றம் விடுவிக்கலாம். அவன் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து, ஓராண்டுக்கு மேற்படாத காலத்துக்குள் சிகிச்சையின் பலன் பற்றிய அறிக்கையை நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, 64ஏ பிரிவு. மேற்கூறிய சிறு குற்றங்களுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட அடிமை தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், அவன்மீது வழக்கு நடத்தலாகாது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் இப்பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம்.

மூன்றாவது, 71ஆம் பிரிவு. அடிமைகளைக் கண்டறிதல், சிகிச்சையளித்தல், மறுவாழ்வு தருதல் ஆகியவற்றிற்கான நிலையங்களை அரசு அமைக்க இது அதிகாரமளிக்கிறது.

முதல் இரண்டு பிரிவுகளையும் கூர்ந்து நோக்குக. நீதிபதி கட்டளையிட வேண்டும். மருத்துவர் சிகிச்சையளித்து அறிக்கை தர வேண்டும். அடிமை சம்மதிக்க வேண்டும். பிணை நிற்க ஒருவர் வேண்டப்படலாம். இவர்களுள் ஒருவர் வராவிட்டாலும் கதவு திறவாது. சட்டமே இணைப்பை எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்கிறது.

இம்மூன்றும் போதைப்பொருள் வழக்குகளுக்கே உரியன. மது இச்சட்டத்துள் அடங்காது. ஆயினும் மது விஷயத்திலும் சட்டம் சிறிது இளகியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவு, குடிபோதையில் பொதுவிடத்தில் தொல்லை விளைவித்தவனுக்குச் சிறிய சிறைத்தண்டனை அல்லது அபராதத்தோடு, சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்துள்ளது.

3. முதல் வாயில்: உள்ளே செல்லும் வேளை

நாள்தோறும் குடித்தவன் கைதாகும்போது அவனது குடி சட்டென்று நின்றுவிடுகிறது. வீட்டார், 'நல்லதாயிற்று, சிறையில் குடி கிடைக்காது, திருந்துவான்' என்று ஆறுதலடைகின்றனர். அந்த ஆறுதலுக்குள் பேராபத்து ஒளிந்திருக்கிறது. கடைசியாகக் குடித்த வேளையிலிருந்து முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள், மிகுதியாகக் குடித்தவர்களுள் சிலருக்கு நடுக்கத்தோடு கூடிய புத்திமயக்கம் தோன்றலாம். இல்லாத பூச்சிகளையும் பாம்புகளையும் காண்பர்; இடமும் காலமும் மறப்பர். தக்க மருந்தும், தயமின் என்னும் உயிர்ச்சத்தும், மருத்துவரின் கண்காணிப்பும் இல்லாவிடில் உயிரும் போகலாம்.

யாம் ஆலையில் தொழில் செய்த காலத்தில், உடன் வேலை செய்த ஒருவர் குடிச்சண்டையில் கைதாகிச் சிறை சென்றார். மூன்றாம் நாள் அவர் சுவரில் எதையோ துரத்திக்கொண்டிருந்தார். உடனிருந்தவர்கள் பேய் பிடித்ததென்றனர், சிலர் நடிப்பென்றனர். ஒருவர் மாத்திரம் வற்புறுத்தியமையால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பிழைத்தார். பத்து நாளில் ஜாமீன் வந்தது. மாலை வேளையில் கையில் ஒரு மருந்துச் சீட்டுமின்றி வெளியே விடப்பட்டார். மருத்துவமனைக்கு அவர் வெளிவந்தது தெரியாது. வீட்டாருக்கு அவர் மருந்து உட்கொண்டது தெரியாது. நீதிமன்றத்திற்கு இவ்விரண்டும் தெரியாது. பேருந்து நிறுத்தத்தின் எதிரே சாராயக் கடை இருந்தது. அதற்கு மாத்திரம் அவரை நன்றாகத் தெரியும். ஐந்து மாதத்திற்குள் அவர் மீண்டும் சிறையிலிருந்தார்.

நூற்பு இயந்திரத்தில் இழை அறுவது இயல்பு. அறுந்த இழையை உடனுக்குடன் இணைப்பதற்கென்றே ஆள் நிற்பான். பஞ்சும் நல்லது, கதிரும் நல்லது, ஆயினும் இணைக்கும் கை இல்லையேல் அந்தக் கதிரில் நூல் சேராது. மேற்கூறிய தொழிலாளியின் விஷயத்தில் ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தனர். இணைப்பவர் ஒருவரும் இல்லை.

4. இரண்டாம் வாயில்: வெளியே வரும் வேளை

ஹெராயின் முதலிய அபின் வகைப் பொருள்களுக்கு அடிமையானவர்களுக்கு வெளியே வரும் வேளையே பெரிதும் அஞ்சத்தக்கது. சிறையிலிருந்த நாள்களில் அவர்களது உடல் அப்பொருளைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடுகிறது. ஆசையோ அப்படியே இருக்கிறது. வெளியே வந்து பழைய அளவையே உட்கொண்டால், முன்பு தாங்கிய அந்த அளவே இப்பொழுது மூச்சை நிறுத்திவிடுகிறது.

அமெரிக்க நாட்டு வாஷிங்டன் மாநிலத்தில், 1999 ஜூலை முதல் 2003 டிசம்பர் வரை விடுதலையான 30,237 பேரை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம், அம்மாநிலத்தின் மற்ற மக்களைக் காட்டிலும் 12.7 மடங்கு, போதைப்பொருள் அளவு மிஞ்சி இறக்கும் அபாயமோ 129 மடங்கு. விடுதலை என்று மகிழ்ந்து வாயிலில் மாலையோடு நிற்கும் தாய், அந்தப் பதினான்கு நாள்களும் எத்தகையவை என்பதை அறியாதிருப்பது எவ்வளவு பரிதாபம்!

5. இணைத்தவர்கள் கண்ட பலன்

அதே அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமாகிய ரோட் ஐலண்டு, 2016இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. சிறைக்குள் வருவோர் யாவரையும் சோதித்து, அபின் வகை அடிமைத்தனம் உள்ளவர்களுக்கு மெதடோன், புப்ரெனார்பின், நால்ட்ரெக்ஸோன் என்னும் மூன்று மருந்துகளுள் தக்கதை அளித்தனர். முன்னரே மருந்து உண்டு வந்தவனுக்கு அதனை நிறுத்தாமல் தொடர்ந்தனர். வெளியிலுள்ள ஒரு சிகிச்சை ஸ்தாபனத்தைச் சிறைக்குள்ளேயே பணி செய்ய வைத்து, விடுதலையானவன் அந்த ஸ்தாபனத்தின் கிளைகளிலேயே சிகிச்சையைத் தொடருமாறு செய்தனர். சிறையில் கண்ட முகத்தோடு தொடர்புடைய இடத்திற்கே அவன் வெளியிலும் சென்றான். விளைவு யாது? அளவு மிஞ்சி இறந்தோருள் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள் 2016இன் முதல் ஆறு மாதங்களில் 26 பேர். 2017இன் முதல் ஆறு மாதங்களில் 9 பேர்.

ஸ்காட்லாந்து 2011இல் வேறொரு வழியையும் சேர்த்தது. அளவு மிஞ்சியவனின் மூச்சை மீட்கும் நலாக்ஸோன் என்னும் மருந்தை, சிறையிலிருந்து வெளியேறுவோர் கையிலேயே கொடுத்தனுப்பும் தேசியத் திட்டம் அது.

நம் நாட்டிலும் தொடக்கம் இல்லாமலில்லை. டில்லித் திகார் சிறையில் 2008இலேயே புப்ரெனார்பின் சிகிச்சை தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பகுதியிலேனும் மனநல நிலையம் அமைக்க வேண்டுமென 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103ஆம் பிரிவு கட்டளையிடுகிறது.

ஆயினும் நமக்குத் தனியான ஒரு சிக்கல் உண்டு. தேசியக் குற்றப் பதிவுக் கூடத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர். தண்டனைக் கைதியின் விடுதலை நாள் முன்னரே தெரியும். விசாரணைக் கைதிக்கோ இன்று ஜாமீன் கிடைத்தால் இன்று மாலையே வாயில் திறக்கும். 'விடுதலைக்கு முந்திய மாதத்தில் ஏற்பாடு செய்வோம்' என்னும் முறை இங்கே செல்லாது. உள்ளே நுழைந்த முதல் நாளிலேயே வெளியேறும் நாளுக்கான சீட்டை எழுதத் தொடங்க வேண்டும்.

6. ஓர் ஐயமும் அதன் தெளிவும்

இங்கே அன்பர்கள் சிலர் ஓர் ஐயத்தை எழுப்புவர். 'புப்ரெனார்பினும் மெதடோனும் அபின் வகையைச் சார்ந்தவை அல்லவா? ஒரு மயக்கத்திற்கு மற்றொரு மயக்கத்தைக் கொடுப்பது ஐந்தாம் சீலத்திற்கு மாறன்றோ?' என்பர். நல்ல வினா.

விநய பிடகத்து மகாவக்கத்தில் மருந்துகளைப் பற்றிய பகுதியொன்று உளது. பிலிந்தவச்சர் என்னும் தேரர் வாத நோயால் வருந்தியபோது, வைத்தியர்கள் எண்ணெயில் மது சேர்த்துக் காய்ச்ச வேண்டுமென்றனர். பகவர் அதனை அனுமதித்தார். பின்னர்ச் சிலர் மிகுதியாக மது சேர்த்து அருந்தி மயங்கினர். அப்போதும் பகவர் மருந்தை அறவே விலக்கவில்லை. மதுவின் நிறமும் மணமும் சுவையும் தோன்றாத அளவே சேர்க்கலாம் என்று வரம்பிட்டார். மருந்தாக, வைத்தியர் சொன்ன அளவில், மயக்கம் விளையாதபடி உட்கொள்வது வேறு. மயங்குவதற்காக உட்கொள்வது வேறு என்பது இதனால் விளங்கும். மருத்துவரின் கண்காணிப்பில் சரியான அளவில் அளிக்கப்படும் இம்மருந்து நோயாளியை மயக்குவதில்லை. நடுக்கத்தையும் வேட்கையையும் தணித்து, அவன் வேலைக்குச் செல்லவும் பிள்ளைகளைப் பார்க்கவும் இடந்தருகிறது. ஆதலின், 'மருந்தையும் விட்டால்தான் நீ திருந்தினாய்' என்று எவரும் அவனை வற்புறுத்தலாகாது. அச்சொல்லே சில வேளைகளில் உயிரைப் பறித்துவிடும்.

7. நாம் செய்யத்தக்கவை

சிறையை நடத்துவதும் மருத்துவமனையை நடத்துவதும் நம்மால் ஆவதன்று. இணைக்கும் கையாக இருத்தல் நம்மால் ஆகும். அதற்குரியவற்றை வரிசையாகக் கூறுவேன்.

முதலாவது, கைதான அன்றே சொல்லுக. அவர் எதை, எவ்வளவு, எத்தனை ஆண்டாக உட்கொள்கிறார், கடைசியாக உட்கொண்டது எப்போது, முன்பு வலிப்பு வந்ததா, எந்த மருத்துவமனையில் என்ன மருந்து உண்கிறார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் காவல் அதிகாரியிடமும், பின்னர்ச் சிறை மருத்துவரிடமும் கொடுக்க. கைதானவரை மருத்துவ அதிகாரி பரிசோதிக்க வேண்டுமெனப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு கூறுகிறது. அப்பரிசோதனையில் இத்தாள் பேருதவியாகும். மானம் கருதி இதனை மறைத்தல் ஆபத்து.

இரண்டாவது, சட்ட உதவியை நாடுக. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, காவலில் உள்ளவர் இலவச வழக்கறிஞருக்கு உரிமையுடையவர். 15100 என்னும் எண்ணில் கேட்கலாம். 39, 64ஏ பிரிவுகள் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் வினவுக.

மூன்றாவது, சிகிச்சை நிலையத்தை முன்னரே தெரிந்து வைக்க. 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். பெங்களூரில் உள்ளோர்க்கு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் போதைநோய் மருத்துவப் பிரிவு உண்டு. பதிவில்லாத விடுதிகளை நம்பாதீர்கள். சங்கிலியிட்டுக் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அடியும் சங்கிலியும் சிகிச்சையாகா.

நான்காவது, வாயிலில் நில்லுக. விடுதலை நாளில் ஒருவரேனும் சென்று, சிறை மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் கேட்டுப் பெற்று, அன்றோ மறுநாளோ அவரைச் சிகிச்சை நிலையத்திற்கு உடனழைத்துச் செல்லுக. முகவரியைக் கையில் கொடுத்தனுப்புவது போதாது.

ஐந்தாவது, பதினான்கு நாள் காவலிருக்க. அபின் வகை பழகியவரைத் தனித்திருக்க விடாதீர்கள். எழுப்பியும் விழிக்காமை, மூச்சு மிக மெதுவாதல், உதடு நீலமாதல் ஆகியவை தோன்றினால் 108ஐ அழைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, உதவி வரும்வரை உடனிருக்க வேண்டும்.

ஆறாவது, இரகசியம் காக்க. அவருடைய நோய் பற்றிய செய்தியை அவர் சம்மதித்தவர்களுக்கே சொல்ல வேண்டும். இணைப்பு என்பது ஊரறியச் செய்தல் ஆகாது.

ஏழாவது, மறுபடி விழுந்தால் கைவிடாதீர்கள். இந்நோயில் மீண்டும் வீழ்தல் பலர்க்கும் நேர்வது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம், அதுபோலவே இங்கும்.

கோசல நாட்டு வேந்தர் பசேநதி, கொலைஞனாகிய அங்குலிமாலனைப் பிடிக்க ஐந்நூறு குதிரை வீரரோடு வந்தவர். அவன் பிக்குவாகி பகவர் அருகே அமர்ந்திருக்கக் கண்டு, வாளை எடுக்காமல், அவனுக்கு உடையும் உணவும் மருந்தும் தருவதாகக் கூறினார். ஆனால் அவர் பிட்சைக்குச் சென்ற தெருவில் கல்லெறிந்தார்கள். மண்டை உடைந்து திரும்பினார். அரசன் பொறுத்தும் தெரு பொறுக்கவில்லை. இன்று நம் தெருவுக்குத் திரும்பி வருபவன் விஷயத்தில் அவ்வாறு ஆகாதபடி பார்ப்பது நம் கடமை.

பாடத்தின் பின் சிந்திக்கத்தக்க வினாக்கள்

1. குற்றவாளியாகவும் நோயாளியாகவும் இருப்பவன்பால் அரசின் கடமைகள் யாவை?

2. கைதான முதல் நான்கு நாள்களிலும், விடுதலையான முதல் பதினான்கு நாள்களிலும் நேரக்கூடிய ஆபத்துகள் யாவை? அவை வேறுபடுவது எங்ஙனம்?

3. விசாரணைக் கைதிக்குச் சிகிச்சைத் தொடர்ச்சியை முதல் நாளிலேயே எழுத வேண்டுவது ஏன்?

4. மருந்தாக உட்கொள்வதற்கும் மயங்க உட்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிலிந்தவச்சர் வரலாற்றைக் கொண்டு விளக்குக.

5. நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு வீட்டில் இன்றிரவு ஒருவர் கைதானால், நாளைக் காலை யார் யாரிடம் செல்வது? அடுத்த கூட்டத்தில் பெயர் குறித்து முடிவு செய்க.

ஐந்தாம் வினாவுக்கு விடை எழுதிக்கொண்டு வருபவரே இப்பாடத்தை முற்றக் கற்றவராவர்.